சால் விலகிய ஏர்: தீவிர சிகிச்சையிலிருந்து மீள்வோரின் அறிதிறனை அளந்த வரலாறு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை உயிர்பிழைப்பின் வரலாறாகவே எழுதிவந்துள்ளனர். எத்தனை பேர் உள்ளே சென்றனர், எத்தனை பேர் உயிருடன் வெளியே வந்தனர் என்னும் இரண்டு எண்களோடு அவ்வரலாறு முடிந்துவிடுகிறது. வெளியே வந்தவர் உள்ளே சென்ற அதே மனிதராக வந்தாரா என்னும் வினா நெடுங்காலம் அதில் இடம்பெறவில்லை. நுரையீரலின் நிலையை அறியக் கருவி இருந்தது; இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இருந்தது. நினைவும் கவனமும் கணக்குப்போடும் ஆற்றலும் திரும்பினவா என்று முறையாக அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தத் தாமதம் ஏன் நேர்ந்தது, அதன் பின்னர் உருவான வினாத்தாள்கள் எதைக் காட்டின, எதைக் காட்டத் தவறின என்பவற்றை இக்கட்டுரையில் நாம் சற்று விரிவாகக் காண்போம்.

சொல்லின் வேர்

கடும் நோயின்போது அறிவு தடுமாறுவது மனிதகுலம் புதிதாகக் கண்டறிந்த ஒன்றன்று. காய்ச்சல் முற்றியவர் பிதற்றுவதையும், காற்றில் எதையோ பிடிக்கக் கை நீட்டுவதையும், பெற்ற பிள்ளையையே அடையாளம் காணாமல் விழிப்பதையும் நம் முன்னோர் ‘சன்னி கண்டுவிட்டது’ என்றனர். பேச்சுவழக்கில் அதுவே ‘ஜன்னி’ ஆயிற்று. வலிப்பையும் பிதற்றலையும் அச்சொல் ஒருசேரக் குறித்ததால் அதன் எல்லை தெளிவற்றது. ஆயினும் உடல்நோய் முற்றி அறிவைத் தாக்குகிறது என்னும் புரிதல் அதனுள் இருந்தது.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் மரபினர் இந்நிலையை இரண்டாகப் பகுத்தனர். கூச்சலும் கிளர்ச்சியும் உடையதை ‘ஃபிரனைடிஸ்’ என்றும், அசைவற்று மந்தமாகக் கிடப்பதை ‘லெதார்கஸ்’ என்றும் அழைத்தனர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் தமது மருத்துவ நூலில் ‘டெலிரியம்’ என்னும் சொல்லை ஆண்டார். இலத்தீனில் ‘லிரா’ என்பது உழவுசால். சாலைவிட்டு விலகி ஓடும் ஏரைப் போல மனம் தடம் மாறுவதே டெலிரியம். உழவறிந்த எந்த மொழியினருக்கும் விளக்கம் தேவைப்படாத உவமை இது. அவ்வுவமையில் தொக்கி நிற்கும் வினா ஒன்றுண்டு: விலகிய ஏர் மீண்டும் சாலுக்கு வந்துவிடுமா? வந்துவிடும் என்றே மருத்துவம் நெடுங்காலம் நம்பிற்று. காய்ச்சல் தணிந்தால் பிதற்றலும் தணியும், நோயாளி பழைய மனிதராவார் என்பதே பொதுவான கருத்து. நம் கட்டுரை அந்த நம்பிக்கை உடைந்த கதையைப் பற்றியது.

கோபன்ஹேகன், 1952

தீவிர சிகிச்சையின் பிறப்பிடம் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன். 1952 இல் அந்நகரை இளம்பிள்ளை வாதம் கடுமையாகத் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்த நோயாளிகளுள் பலருக்குச் சுவாசத் தசைகள் செயலிழந்தன. மருத்துவமனையிடம் இருந்ததோ ஓர் ‘இரும்பு நுரையீரலும்’ மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஆறு சுவாசக் கருவிகளும் மட்டுமே. தொடக்க வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவர் லாசன், மயக்கவியல் வல்லுநரான பியோர்ன் இப்சனை அழைத்தார். ஆகஸ்ட் 27 அன்று, இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தி, இரப்பர்ப் பையை அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் முறையை இப்சன் செய்து காட்டினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் பையை அழுத்த இயந்திரம் இல்லை, கைகளே இருந்தன. ஏறத்தாழ 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் குறைந்தது. 1953 டிசம்பரில் அதே நகரின் மற்றொரு மருத்துவமனையில் இப்சன் நிறுவிய தனிப்பிரிவே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இவ்வரலாற்றில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று அதிகம் பேசப்படாமல் இருக்கிறது. அந்த முதல் நோயாளிகள் பலரும் விழித்திருந்தனர். அருகே எந்நேரமும் ஒரு மாணவர் அமர்ந்திருந்தார்; நோயாளிக்குக் கதை படித்துக் காட்டினார், சிறுவர்களோடு விளையாடினார், கண்ணசைவைக் கொண்டு பேச்சைப் புரிந்துகொண்டார். நோயாளியின் மனம் நாள்தோறும் ஒரு மனிதரின் பார்வையில் இருந்தது. அம்மாணவரின் இடத்துக்கு இயந்திரம் வந்தபோது சுவாசம் சீராயிற்று. அப்பார்வையோ இல்லாமற் போயிற்று.

சன்னல் இல்லாத அறை

1960களில் இதய அறுவை சிகிச்சை பரவியபோது முதல் எச்சரிக்கை எழுந்தது. அறுவை வெற்றிபெற்று, நினைவு தெளிந்து, ஓரிரு நாள் நன்றாக இருந்த நோயாளிகள் திடீரெனத் தடுமாறினர். இல்லாதவற்றைக் கண்டனர், செவிலியர் தம்மைக் கொல்ல வந்திருப்பதாக அஞ்சினர். 1965 இல் கார்ன்ஃபெல்டும் அவர்தம் உடனாய்வாளரும் இதனை விரிவாகப் பதிவு செய்தனர். தூக்கமின்மை, ஓயாத ஒலி, பகலிரவு தெரியாத வெளிச்சம் ஆகியவற்றின்மேல் ஐயம் விழுந்தது. 1972 இல் வில்சன் என்பவர் சன்னல் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவையும் சன்னலற்ற பிரிவையும் ஒப்பிட்டார். சன்னலற்ற பிரிவில் சித்தத் தடுமாற்றம் இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டது.

இதற்கு முன்பே, 1959 இல், ஜார்ஜ் எங்கலும் ஜான் ரோமனோவும் இன்னும் ஆழமான கருத்தொன்றை முன்வைத்திருந்தனர். மூளையின் மின்னலைகள் மந்தமாவதை ஆதாரமாகக் கொண்டு, இதயம் செயற்குறைவுறுவதைப் போல, சிறுநீரகம் செயற்குறைவுறுவதைப் போல, டெலிரியம் என்பது மூளையின் செயற்குறைவு என்றனர். ஓர் உறுப்பின் பழுது என்றால் அதை அளக்கலாம், தடுக்கலாம், தொடர்ந்து கண்காணிக்கலாம். ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவு இக்கருத்தை ஏற்கவில்லை. அங்கே வழங்கிய பெயர் ‘ஐசியு மனநோய்’. அது அவ்விடத்தின் இயல்பு, அறை மாறினால் சரியாகிவிடும் என்பதே அப்பெயரின் பொருள்.

அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் உறங்கவைக்கும் மருந்துகள் வலுப்பெற்றன. இயந்திரச் சுவாசத்தோடு நோயாளி முரண்படாதிருக்க அவரை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்துவது பல இடங்களில் வழக்கமாயிற்று. கடும் சுவாசச் செயலிழப்பு நோய்க்குறியான ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ஸை 1967 இல் முதன்முதலாக விவரித்த குழுவில் ஒருவரான தாமஸ் பெட்டி, 1998 இல் தாம் பார்வையிட்ட பிரிவுகளின் நிலை குறித்து வருந்தி எழுதினார். நோயாளிகள் அசைவின்றிக் கிடந்தனர். திரைகள் காட்டும் அலைகளைத் தவிர உயிருக்கு வேறு அடையாளம் இல்லை. அத்தகைய நோயாளியின் அறிதிறனை யார் ஆராய்வது? கேட்டால் விடையளிக்க அவர் விழித்திருக்க வேண்டுமே.

பேச இயலாதவரிடம் கேட்கும் வழி

இதனிடையே, மருத்துவத்தின் வேறு வாயில்களில் அறிதிறனை அளக்கும் கருவிகள் உருவாகிக்கொண்டிருந்தன. 1974 இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றைக் கொண்டு நினைவின் அளவைக் குறிக்கும் முறையை வகுத்தனர். அது விழிப்பை அளந்தது; சிந்தனையை அளக்கவில்லை. 1975 இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹ்யூ ஆகியோர் 30 மதிப்பெண் கொண்ட ‘எம்.எம்.எஸ்.ஈ.’ தேர்வை வெளியிட்டனர். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லுதல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் என அமைந்த அத்தேர்வு மிக விரைவில் உலகெங்கும் பரவியது.

தொண்டையில் குழாய் உள்ளவரோ பேச இயலாதவர். 1990 இல் ஷாரன் இனோய் முதியோருக்கென வகுத்த டெலிரியம் ஆய்வுமுறையைத் தழுவி, 2001 இல் வெஸ்லி ஈலியும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து ‘கேம்-ஐசியு’ என்னும் முறையை அளித்தனர். அதன் எளிமை வியப்புக்குரியது. செவிலியர் நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறிப்பிட்ட ஓர் எழுத்து ஒலிக்கும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். பின்னர், கல் நீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பன போன்ற கேள்விகளுக்குத் தலையசைவால் விடை தர வேண்டும். ஓரிரு நிமிடங்களில் முடியும் இச்சோதனைக்கு மனநல வல்லுநர் தேவையில்லை. அதே ஆண்டில் கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து பெர்ஜரான் குழுவினரும் தம் பட்டியல் முறையை வெளியிட்டனர்.

அளக்கத் தொடங்கியதும் தெரியவந்தது யாதெனில், கூச்சலிடும் நோயாளி மிக அரிதானவர் என்பதே. 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிலும் கிளர்ச்சி வகையான டெலிரியம் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. எஞ்சியவர்கள் அமைதியாகக் கிடந்தவர்கள், அல்லது இரு நிலைகளுக்கும் இடையே ஊசலாடியவர்கள். ‘தொந்தரவு தராத நல்ல நோயாளி’ என்று எண்ணப்பட்ட பலர் உண்மையில் ஹிப்போகிரட்டஸ் மரபினர் கண்ட ‘லெதார்கஸ்’ நிலையில் இருந்திருக்கின்றனர்.

55 பேரில் 55 பேர்

டெலிரியம் உள்ளே இருக்கும் காலத்தின் நோய். வெளியே வந்தபின் என்ன? இவ்வினாவை முறையாகக் கேட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உளவியலாளர் ரமோனா ஹாப்கின்ஸ். ஏ.ஆர்.டி.எஸ். நோயிலிருந்து பிழைத்த 55 பேரை அவர்தம் குழு முழுமையான நரம்பு-உளவியல் தேர்வுகளுக்கு உட்படுத்தி, 1999 இல் முடிவுகளை வெளியிட்டது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது 55 பேருக்குமே அறிதிறன் குறைபாடு இருந்தது. ஓராண்டு கழித்தும், நினைவு, கவனம், ஒருமுகப்பாடு, சிந்தனை வேகம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் 78 விழுக்காட்டினருக்குக் குறை எஞ்சியிருந்தது. 30 விழுக்காட்டினர் பொதுவாகவே அறிதிறன் சரிந்த நிலையில் இருந்தனர்.

ஐயம் எழுவது இயல்பு. இவர்கள் நோய்க்கு முன்பே அவ்வாறு இருந்திருக்கலாமே? தீவிர சிகிச்சைக்குள் வருபவர் முன்னறிவிப்போடு வருவதில்லையாதலால் அவருடைய பழைய நிலையை அளந்துவைத்திருப்பவர் எவருமில்லை. இத்துறையின் ஆகப்பெரிய இடர்ப்பாடு இதுவே. இதற்கு 2010 இல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவில் முதியோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஒரு தேசிய ஆய்வில் அவர்களது அறிதிறன் இடையிடையே அளக்கப்பட்டு வந்தது. அவர்களுள் பின்னாளில் கடும் செப்சிஸால் தாக்குண்டு பிழைத்தவர்களை ஐவாஷினாவும் உடனாய்வாளரும் பிரித்தெடுத்தனர். மிதமானது முதல் கடுமையானது வரையிலான குறைபாடு, நோய்க்கு முன் 6.1 விழுக்காட்டினருக்கு இருந்தது. நோய்க்குப் பின் 16.7 விழுக்காட்டினருக்கு இருந்தது.

2013 இல் ஈலி, பந்தரிபாண்டே முதலியோரின் ஆய்வு வந்தது. 821 நோயாளிகள், முன்பே குறைபாடு உடையவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே, மருத்துவமனையில் டெலிரியம் கண்டவர்களோ 74 விழுக்காட்டினர். மூன்று மாதங்களுக்குப் பின் தேர்வுக்கு வந்தவர்களுள் 40 விழுக்காட்டினரின் மதிப்பெண், தலையில் மிதமான காயமுற்றோரின் மதிப்பெண்ணை ஒத்திருந்தது. 26 விழுக்காட்டினருடையது தொடக்கநிலை அல்சைமர் நோயாளருடையதை ஒத்திருந்தது. ஓராண்டு முடிவில் இவ்வெண்கள் 34, 24 என்ற அளவிலேயே குறைந்தன. முதியோர் மட்டுமல்லர், இளையோரும் இதில் அடங்குவர். டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அத்தனைக்கு மதிப்பெண்ணும் தாழ்ந்தது. ஏர் எல்லோருக்கும் சாலுக்குத் திரும்பிவிடுவதில்லை என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

இதற்கிடையே, 2010 இல் கூடிய அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் சங்கத்தின் மாநாட்டில் இவ்விளைவுகளுக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டு, 2012 இல் அது அச்சேறியது: ‘தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித்தொகுதி’. உடற்சோர்வு, மனத்துயர், அறிதிறன் குறைவு மூன்றும் அதனுள் அடங்கும்.

வாயிலில் வைக்கும் தேர்வு

இவ்வளவு தெரிந்தபின், வெளியேறும் வாயிலிலேயே ஒரு சிறு தேர்வு வைத்து, யாருக்குப் பின்னர் துன்பம் வரும் என்று கண்டுகொள்ளலாமே என்று தோன்றுவது இயற்கை. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தீவிர சிகிச்சைப் பிரிவைவிட்டு வெளியேறுமுன் ஒரு மதிப்பீடும், வீடு செல்லுமுன் ஒன்றும், இரண்டு மூன்று மாதங்களில் மற்றொன்றும் வேண்டும் என்று கூறியது. ஆனால் வாயில் தேர்வைத் தனியே நம்பியிருப்பதில் உள்ள குறையை 2012 இல் யூட்டா குழுவினர் காட்டினர். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது எம்.எம்.எஸ்.ஈ. தேர்விலும் ‘மினி-காக்’ என்னும் சிறுதேர்விலும் பெற்ற மதிப்பெண், ஆறு மாதத்துக்குப் பின் யாருக்குக் குறைபாடு இருக்கும் என்பதை முன்னறிவிக்கவில்லை.

காரணங்களை ஊகிப்பது கடினமன்று. உறங்கவைக்கும் மருந்தின் மிச்சம் குருதியில் இருக்கலாம். டெலிரியம் முற்றும் தெளியாதிருக்கலாம். பல நாள் உறங்காதவர் கழித்தற்கணக்கில் தவறுவார். தசை மெலிந்த கை, ஐங்கோணத்தைச் சரியாக வரையாது. கண்ணாடியும் காதுக்கருவியும் வீட்டில் இருக்கும். இவர்கள் தவறியது அறிவினாலன்று. மறுபுறம், தேதியும் ஊரும் சரியாகச் சொல்லி நல்ல மதிப்பெண் பெற்றுச் செல்பவர், வீட்டில் ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்க இயலாமல் திகைப்பார். எம்.எம்.எஸ்.ஈ. மறதிநோயைக் கருதி அமைந்த தேர்வு. தீவிர சிகிச்சைக்குப் பின் பெரிதும் பாதிக்கப்படும் திட்டமிடும் திறனையும் கவனத்தைப் பகிரும் திறனையும் அது அதிகம் தொடுவதில்லை. 2005 இல் மான்ட்ரியாலில் நஸ்ரெதீன் குழுவினர் வெளியிட்ட ‘மோக்கா’ தேர்வு அக்குறையை ஓரளவு நீக்கிற்று. 2020 இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த கருத்தறிக்கை அதனையே, அல்லது பார்வை தேவைப்படாத அதன் வடிவத்தை, பரிந்துரைத்தது. எப்போது நடத்துவது என்பதில்தான் அவ்வறிக்கையின் பட்டறிவு தெரிகிறது: வீடு திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள், அதன்பின் மீண்டும் மீண்டும். ஒருமுறை அளந்து கோப்பில் வைத்துவிடும் செயலாக அது இருக்கக் கூடாது.

எழுத்தறியாதவருக்கு எது தேர்வு?

இங்கு இந்திய வாசகர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்தேர்வுகள் அனைத்தும் பள்ளி சென்றவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. பென்சில் பிடித்தறியாத கையிடம் ஐங்கோணம் வரையச் சொல்வது அறிதிறனை அளப்பதாகாது. இதனை உணர்ந்த மேரி கங்குலியும் உடனாய்வாளரும் ஹரியானாவின் பல்லப்கட் பகுதி முதியோருக்காக, எழுத்தறிவைக் கோரும் பகுதிகளை மாற்றியமைத்து இந்தி வடிவத் தேர்வொன்றை உருவாக்கி 1995 இல் வெளியிட்டனர். மோக்காவும் கல்வி குறைந்தவருக்கு ஒரு மதிப்பெண்ணைக் கூட்டித் தருகிறது. பன்னிரண்டாண்டுப் பள்ளிக்கும் பள்ளியே இல்லாமைக்கும் இடையிலுள்ள தொலைவை அந்த ஒரு மதிப்பெண் கடந்துவிடாது.

இதற்கு மாற்றாக வேறொரு வழியும் உண்டு. 1989 இல் ஆஸ்திரேலியாவில் ஜார்மும் ஜேக்கம்பும், நோயாளியிடம் கேளாமல் அவரை நன்கறிந்தவரிடம் கேட்கும் வினாத்தாளொன்றை வகுத்தனர். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது பொருள்களை வைத்த இடத்தை நினைவு கொள்கிறாரா, பணத்தைக் கையாள்கிறாரா என்று அது வினவும். முன் சொன்ன 2013 ஆய்விலும் நோயாளியின் பழைய நிலையை அறிய இதன் சுருக்க வடிவமே பயன்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாள்தோறும் காத்திருக்கும் மனைவியோ மகனோ அறிந்திருப்பதை எந்த இயந்திரமும் அறியாது. எழுத்தறியாத ஒரு பாட்டி, வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டவர் என்பது பேரனுக்குத் தெரியும். இன்று அவர் சில்லறை எண்ணத் தயங்கினால் அதுவே சோதனை முடிவு.

அளந்தபின்

அளப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு மறுமொழி தர வேண்டிய கடப்பாடு உண்டு. 2009 இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், செவிலியர் நடத்திய பின்தொடர் மருத்துவக் கூடங்கள் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவில்லை. நோயைக் கண்டுபிடித்துக் கையில் சீட்டைக் கொடுப்பது மட்டும் போதாது என்பதே அதன் பாடம். பயன் தந்தவை பெரும்பாலும் வாயிலுக்கு முன்னரே செய்யப்பட்டவை. சிகாகோவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், இயந்திரச் சுவாசத்தில் இருக்கும்போதே எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கியவர்களுள் ஓராண்டுக்குப் பின் 24 விழுக்காட்டினருக்கே அறிதிறன் குறைபாடு இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 43 விழுக்காடு. கொரோனா காலத்தில் 14 நாடுகளைச் சேர்ந்த 2000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வு, உறங்கவைக்கும் பென்சோடையசெபைன் வகை மருந்துகள் டெலிரியத்தை மிகுவிப்பதோடு தொடர்புற்றிருந்ததையும், உறவினர் நேரிலோ திரையிலோ வந்து பார்த்தவர்களுக்கு அது குறைந்திருந்ததையும் காட்டியது. கோபன்ஹேகனில் நோயாளியின் அருகே அமர்ந்து கதை படித்த மாணவரை நாம் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் வெளியே வந்தவரை அளப்பதற்கு மருந்தையும் பயிற்சியையும் கடந்த ஒரு பயன் உண்டு. மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டவர் வீட்டுக்கு வருகிறார். உறவினர் மகிழ்கின்றனர், உடல் தேறுகிறது, பார்ப்பதற்குப் பழைய மனிதரே. ஆனால் கடையில் கணக்குத் தவறுகிறது, சமைக்கும் வரிசை குழம்புகிறது, சொன்னதையே மீண்டும் கேட்கிறார், அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்குப் பாதிநாள் ஆகிறது. நோய் போய்விட்டது என்று எல்லோரும் நம்புவதால், எஞ்சியிருப்பது சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ பெயர் பெறுகிறது. சில மாதங்களில் அவரும் அதையே நம்பத் தொடங்குகிறார். பெயரில்லாத குறை பழியாக மாறுவது இவ்வாறுதான்.

வீடு திரும்புவோரின் கையில் தரப்படும் மருத்துவச் சுருக்கத்தில் மாத்திரைகளின் பெயரும் அடுத்து வர வேண்டிய நாளும் இருக்கும். அவற்றின் கீழே, நினைவும் கவனமும் சில மாதங்கள் தடுமாறக்கூடும், அது நோயின் விளைவு, ஒரு மாதத்துக்குள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தமிழில் இரண்டு வரிகள் சேர்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. 1999 இல் 55 பேரில் 55 பேரிடம் கண்டதை அக்குடும்பத்துக்குச் சொல்லிவிடும் கடமை மட்டுமே எஞ்சியிருக்கிறது.